எங்க அம்மாவும் வந்தா: 'அம்மா வந்தாள்' நாவலைச் சேரியிலிருந்து வாசித்தல்

"அறுத்துக்கட்டுற சாதிதானே நீங்க." ஆறாம் வகுப்பில் வாத்தியார் என்னிடம் சொன்னது இது. பள்ளிக்கூடப் பாரத்தில் தகப்பன் பேர் எழுதுகிற இடத்தில் நான் முழித்துக்கொண்டு நின்றேன். பெற்றவன் பேரை எழுதுவதா, அம்மா இப்போது கட்டிக்கிட்டிருக்கிறவர் பேரை எழுதுவதா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். வகுப்பே சிரித்தது. எனக்கு முழுசாக அர்த்தம் புரியவில்லை. ஆனால் வசவு என்று புரிந்தது. அன்றிலிருந்து ரொம்ப வருஷம் அம்மாவைப் பற்றி வெளியில் பேசமாட்டேன்.

எங்கள் தெரு கடம்பத்தூரில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். எனக்கு நாலு வயசு இருக்கும்போது அம்மா அப்பாவைத் தீர்த்துவிட்டாள். குடி, அடி, வேறு காரணம் வேண்டுமா? வேப்பமரத்தடியில் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். ரெண்டு பக்கத்துச் சனமும் தொண்டை கிழியப் பேசினார்கள். அம்மா தாலியைக் கழற்றி வைத்தாள். மாமன் பரிசப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான். அடுத்த வருஷம் திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளையில் வேலை செய்த ஒருத்தரைக் கட்டிக்கொண்டு போனாள். நான் அம்மாவைப் பெற்ற ஆயாவோடு வளர்ந்தேன்.

மழைக்காலத்தில் சூளை நிற்கும். அப்போது அம்மா வருவாள். கையில் பொரி உருண்டை. தெருமுனையில் அவளைப் பார்த்ததும் ஆயா ஆரம்பித்துவிடும். "வந்துட்டாடி மகாராணி, பெத்த புள்ளய வுட்டுட்டுப் போனவ." தெருவே கேட்கும். அம்மாவும் சும்மா இருக்கமாட்டாள், திருப்பிக் கத்துவாள். அஞ்சு நிமிஷம். அப்புறம் ஆயா கஞ்சி ஊற்றி, கருவாட்டுக் குழம்பை நகர்த்தி வைக்கும். சில சமயம் என் அப்பா எதிர்த் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "சூளையில கூலி ஏத்தினானா?" என்று கேட்பார். அம்மா பதில் சொல்லுவாள். இதற்கு ஒரு பேர் உண்டு என்றும், இலக்கியத்தில் இதைப் பெரிய விஷயமாகப் பேசுவார்கள் என்றும் எனக்கு அப்போது தெரியாது.

*

தி.ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' நாவலை நான் படித்தது தொண்ணூறுகளின் நடுவில். மூர் மார்க்கெட் ஸ்டேஷனில் இறங்கி, அல்லிக்குளத்துப் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த பிரதியை வாங்கினேன். கடம்பத்தூர் வண்டியில் நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தேன். தலைப்புதான் இழுத்தது என்று சொல்லத் தேவையில்லை.

1966-இல் வந்த நாவல். கதை தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அப்பு என்கிற பையன் காவிரிக் கரையில் ஒரு வேத பாடசாலையில் 16 வருஷம் படிக்கிறான். பாடசாலையைத் தன் சொத்தில் நடத்துகிறவர் பவானியம்மாள் என்கிற விதவை. அவர் வீட்டிலேயே வளர்ந்து, கல்யாணமாகி, புருஷன் செத்துத் திரும்பி வந்திருப்பவள் இந்து. அவளுக்கு அப்புமேல் ஆசை. அவன் ஒதுங்குகிறான், தர்மம் பேசுகிறான். அப்போதுதான் அவனுடைய அம்மாவைப் பற்றி இந்து வாயைத் திறக்கிறாள். சென்னைக்குத் திரும்பும் அப்பு வீட்டில் நடப்பதைக் கண்ணால் பார்க்கிறான். அம்மா அலங்காரத்தம்மாளுக்கும் சிவசு என்கிற பணக்காரருக்கும் நெடுங்காலமாக உறவு. கடைசிப் பிள்ளைகள் அந்த உறவில் பிறந்தவர்கள். அப்பா தண்டபாணிக்கு எல்லாம் தெரியும். அச்சகத்துப் பிழை திருத்துகிற வேலை அவருக்கு. பெரிய மனுஷர்களுக்கு வேதாந்தம் சொல்லிக் கொடுப்பார். வீட்டில் நடப்பதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது.

இந்த நாவலைக் கொண்டாடுகிறவர்கள் சொல்வது: இதில் யாரும் கெட்டவர் இல்லை. ஆசிரியர் யாரையும் கூண்டில் ஏற்றவில்லை. வேதம் படித்தவன் ஒரு வழி, விதவை ஒரு வழி, புருஷன் இருக்க இன்னொருவரை ஏற்றவள் ஒரு வழி, பொறுத்துக்கொண்டவர் ஒரு வழி. எல்லா வழியையும் ஒரே பரிவோடு பார்த்துவிட்டார். இதை நான் மறுக்க வரவில்லை. தாயைத் தெய்வமாக்கி மூலையில் உட்காரவைத்த ஒரு மொழியில், தாய்க்கும் உடம்பு உண்டு என்று எழுதியது சின்ன விஷயமில்லை. அதற்காக அவர் சொந்த சாதிக்குள்ளிருந்தே எதிர்ப்பைச் சந்தித்தார். அலங்காரத்தம்மாள் நடையில் இருக்கிற கம்பீரத்தை, தலைநிமிர்வை, அவர் குறைத்து எழுதவே இல்லை. ரயிலில் அதைப் படித்தபோது என் அம்மா செங்கல் சுமந்து வருகிற நடைதான் ஞாபகம் வந்தது.

சேரியை ஏன் எழுதவில்லை என்று ஜானகிராமனிடம் கேட்கவும் நான் வரவில்லை. அவருக்குத் தெரிந்ததை அவர் எழுதினார். என் கேள்வி வேறு. இந்தச் சகிப்பு எப்படி வேலை செய்கிறது? அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? யாருக்கு அது கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது?

*

முதலில் தண்டபாணி. அவருடைய பொறுமை என்பது முழுக்க மௌனம். மனைவியிடம் கேட்பதில்லை, அடிப்பதில்லை, தீர்த்துவிடுவதும் இல்லை. அடிக்காததைப் பெருந்தன்மை என்கிறார்கள், சரி. ஆனால் தீர்த்துவிடாததை என்னவென்று சொல்வது? அலங்காரத்தம்மாள் சிவசுவோடு போய் வாழ முடியாது. வேப்பமரத்தடி அவளுக்குக் கிடையாது. தாலியைக் கழற்றி வைக்க இடம் கிடையாது. பொறுத்துக்கொள்ளப்படலாம், ஆனால் விடுதலை ஆக முடியாது. அந்த வீட்டில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும், யாரும் பேசக்கூடாது. சகிப்பு என்று இந்தப் பிரதி முன்வைப்பது, பேசாமல் இருக்கிற ஒப்பந்தத்தைத்தான்.

அந்த ஒப்பந்தத்துக்கு அபராதம் இல்லையா என்றால், உண்டு. அதைக் கட்டுகிறவன் அப்பு. எட்டு வயசுப் பிள்ளையை வீட்டைவிட்டு அனுப்பி, 16 வருஷம் வேதத்தில் போட்டது எதற்கு? பிள்ளை ரிஷி ஆனால் அவன் காலில் விழுந்து தன் பாவத்தைப் பொசுக்கிக்கொள்ளலாம் என்று அம்மா நினைத்தாள். கடைசியில் அவள் பாடசாலைக்கு வருகிறாள். பிள்ளை இந்துவின் பக்கம் நிற்பதைப் பார்க்கிறாள். இவனும் அம்மாவுக்குப் பிள்ளையாகவே ஆகிவிட்டான் என்று சொல்லிவிட்டு, காசிக்குப் போகிறாள், அங்கேயே சாக. யாரும் அவளுக்குத் தண்டனை கொடுக்கவில்லை. அவளே கொடுத்துக்கொண்டாள். எந்த தர்மத்தை மீறினாளோ அந்த தர்மத்தின் நீதிபதி அவளுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். பார்ப்பனியத்துக்கு நாட்டாமை தேவையில்லை என்பது இதுதான். வெளியே சகிப்பு, உள்ளே காசி.

என் அம்மா ஒரு நாளும் என் காலில் விழுந்து பாவம் கழிக்க நினைத்ததில்லை. பாவம் என்கிற கணக்கே அவளிடம் இல்லை. "அவன் அடிச்சான், வந்துட்டேன்." ஒரே வரி. ஆயாவுக்குக் கோபம் இருந்தது. அதுவும் பாவத்தைப் பற்றியது இல்லை, என்னை விட்டுப் போனதைப் பற்றியது. அது நியாயமான கோபம். அதைத் தெருவில் வைத்துத் தீர்த்துக்கொண்டது.

*

அடுத்து இந்து. என்னைப் பொறுத்தவரை இந்த நாவலின் மையம் அலங்காரத்தம்மாள் இல்லை, இந்துதான். அவளைப் புரிந்துகொள்ள நமக்கு நம் கையிலேயே ஒரு நூல் இருக்கிறது. 1916 மே 9-ஆம் தேதி கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையைப் படித்தார். அப்போது அவருக்கு வயசு 25. அதில் அவர் சொன்னது: சாதி என்பதே அகமணம்தான். ஒரு வட்டத்துக்குள்ளேயே கல்யாணம் செய்துகொள்ள வேண்டுமானால் ஆண் பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். புருஷன் முந்திச் செத்தால் பெண் உபரி ஆகிறாள். விட்டுவைத்தால் வட்டத்துக்கு வெளியே போவாள், இல்லையென்றால் உள்ளேயே இன்னொருத்திக்கு வரவேண்டிய மாப்பிள்ளையை எடுத்துக்கொள்வாள். அதனால் ஒன்று, அவளைப் புருஷனோடு எரி. இல்லை, உயிரோடு வைத்து விதவையாக்கு. சதியும் கட்டாய விதவைக் கோலமும் குழந்தை மணமும் பக்தியால் வந்தவை அல்ல, சாதிக் கணக்கால் வந்தவை என்று அவர் காட்டினார்.

இந்து அந்த உபரி. பவானியம்மாளும் அந்த உபரிதான். ஒருத்தி சொத்தைப் பாடசாலைக்கு எழுதி அடங்கிவிட்டாள், இன்னொருத்தி அடங்க மறுக்கிறாள். இந்து கேட்பதை நாம் தலைப்பு மாற்றிச் சொன்னால், மறுகட்டு. அவ்வளவுதான். எங்கள் தெருவில் ஒரு பானைச் சோற்றோடு முடிகிற காரியம். அதற்கு அங்கே ஒரு முழு நாவலின் தத்தளிப்பு தேவைப்படுகிறது. ஆனால் வாத்தியார் என்னைப் பார்த்துச் சிரித்தது எதற்கு? விதவையை வீட்டு மூலையில் பூட்டுகிற சாதி ஒழுக்கமானது, அறுத்துக்கட்டுகிற சாதி ஒழுக்கங்கெட்டது. இந்தத் தலைகீழ்ப் பாடத்தைத்தான் எனக்கு ஆறாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். நான் மனப்பாடமும் செய்துகொண்டேன்.

*

இங்கே நிறுத்திவிட்டால் நானும் பொய் சொன்னவன் ஆவேன். சேரியில் எல்லாம் சுதந்திரம், அக்கிரகாரத்தில் எல்லாம் சிறை என்று எழுதினால் நம்மவர்கள் கைதட்டுவார்கள். தலித் பண்பாடே கலகப் பண்பாடு என்று நாமும் தொண்ணூறுகளில் நிறையப் பேசினோம். ஆனால் பாமாவின் 'சங்கதி' (1994) நம் கையில் இருக்கும்போது அப்படிப் பேச முடியாது.

அதில் மாரியம்மா கதையை மறக்கவே முடியாது. விறகு சுமந்து வருகிற பெண், தண்ணி குடிக்க பம்புசெட்டுக் கிட்டே ஒதுங்குகிறாள். நிலக்காரன் கையைப் பிடித்து இழுக்கிறான். அவள் தப்பி ஓடிவிடுகிறாள். ஆனால் அவன் முந்திக்கொண்டு வந்து, இவளும் மாணிக்கம் என்கிற பையனும் தப்பு செய்ததைப் பார்த்தேன் என்று நாட்டாமையிடம் சொல்லிவிடுகிறான். ராத்திரி கூட்டம் கூடுகிறது. அவளுக்கு 200 ரூபாய் அபராதம், பையனுக்கு 100 ரூபாய். உண்மை இன்னது என்று பெண்களுக்குத் தெரியும். ஆண்கள் பேசவிடவில்லை. நிலக்காரனை எதிர்த்தால் வேலை போகும், அடி விழும், தெருவே அழியும் என்கிற பயம் அத்தனை ஆணின் நாக்கிலும் உட்கார்ந்திருக்கிறது.

அலங்காரத்தம்மாளையும் மாரியம்மாவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒருத்தி ஆசைப்பட்டுச் செய்தாள், அது வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டது. இன்னொருத்தி எதுவுமே செய்யவில்லை, அவள் கூட்டத்தின் நடுவில் நின்று மன்னிப்புக் கேட்டாள். வித்தியாசம் எங்கே இருக்கிறது? ஒழுக்கத்தில் இல்லை. சுவரில் இருக்கிறது. அலங்காரத்தம்மாள் வீட்டுக்குச் சுவர் உண்டு, கதவு உண்டு. சேரிக்குக் கதவு கிடையாது. நிலக்காரன் கை வயல்வரைக்கும் வரும், அவன் வார்த்தை நாட்டாமை வாய்க்குள் வரைக்கும் வரும். பொறுமை என்கிறோமே, அதற்கும் பட்டா வேண்டும் தோழர்களே. நிலம் இல்லாதவனின் வீட்டு விவகாரம் அடுத்தவன் கையில் இருக்கிற பிடி.

இன்னொன்றும் பாமா எழுதுகிறார். சக்கிலியர் தெருப் பெண்களுக்குப் புருஷன் சரியில்லை என்றால் தீர்த்துக்கொண்டு வேறு கட்ட முடிகிறது, கிறிஸ்தவப் பறையர் பெண்களுக்கு அது இல்லை. கடவுள் சேர்த்ததைப் பிரிக்கக்கூடாது என்று கோயில் நிற்கிறது. உயர மதிப்பு தேடி நாம் எங்கே போனாலும், முதலில் கொடுத்துவிட்டு வருவது பெண்களின் வழியை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

*

சகிப்பு யாருக்குக் கிடைக்கும் என்பதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். சிவசு ஒரு சேரிக்காரனாக இருந்திருந்தால்? மாடிப்படி ஏறி வந்திருக்க முடியுமா? தண்டபாணியின் வேதாந்தம் தாங்கியிருக்குமா? நாவல் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லாத இடத்தில் அது தன் சகிப்பை நடத்திக் காட்டுகிறது.

நாவலுக்கு வெளியே இந்தக் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. அதுவும் கள்ள உறவுக்கு அல்ல, சட்டப்படி கல்யாணம் செய்துகொண்டவர்களுக்கு. 2003-இல் விருத்தாசலம் பக்கம் முருகேசனுக்கும் கண்ணகிக்கும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள்; கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பு வரவே 2021 ஆனது. இளவரசனும் திவ்யாவும் கட்டிக்கொண்டதற்காக 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் காலனியும் பக்கத்துக் காலனிகளும் எரிந்தன. 2013 ஜூலையில் இளவரசன் ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்தான். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் சங்கரைப் பட்டப்பகலில், சனம் பார்த்துக்கொண்டிருக்க வெட்டினார்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம் 497-ஆம் பிரிவை ரத்து செய்து, அடுத்தவன் மனைவியோடு உறவு குற்றமல்ல என்றது. நல்லதுதான். அந்தத் தீர்ப்பு வந்தபோது 'அம்மா வந்தாள்' நாவலின் ஞாபகம் எத்தனையோ பேருக்கு வந்திருக்கும். எனக்கு சங்கர் ஞாபகம் வந்தது. இந்த நாட்டின் ஒழுக்கம் மீறலைப் பொறுத்துக்கொள்ளும். மீறல் வட்டத்துக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அம்பேத்கர் 1916-இல் போட்ட வட்டம் அதுதான்.

*

இனி என் விஷயம். இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் தெருவில் இளைஞர் மன்றம் வைத்திருந்தோம். அம்பேத்கர் படம், நூலகம், இரவுப் பாடம், எல்லாம். நான் செயலாளர். எங்கள் தெருவில் புருஷன் விட்டுப்போன ஒரு பெண், ஒரு பிள்ளையோடு இருந்தது. காக்களூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. ராத்திரி ஷிப்ட் முடிந்து வேனில் வரும். வேன் ஓட்டுகிற ஆள் சில நாள் வீடுவரை வந்து, டீ குடித்துவிட்டுப் போனான். அவன் வேறு சாதி என்று சிலருக்கு ஆத்திரம். கட்டாமல் வருகிறானே என்று சிலருக்கு. "படிச்ச புள்ளைங்க நாமதான் தெருவைத் திருத்தணும், ஊர்க்காரன் நம்மள இன்னா நெனைப்பான்" என்று பேச்சு வந்தது. 500 ரூபாய் அபராதம், அந்த ஆள் தெருவுக்குள் வரக்கூடாது என்று முடிவானது. தெருவின் மானத்தைக் கருதி என்று மினிட் புத்தகத்தில் எழுதியவன் நான். அப்போது 'அம்மா வந்தாள்' படித்து முடித்திருந்தேன். அலங்காரத்தம்மாளுக்காக ரயிலில் கண் கலங்கியவன்தான்.

வேப்பமரத்தடியில் பெரியவர்கள் உட்கார்ந்த காலத்தில் ரெண்டு பக்கமும் கத்த இடம் இருந்தது. நாங்கள் மன்றத்துக் கதவைச் சாத்திவிட்டுக் கூடினோம். அவளைக் கூப்பிடக்கூட இல்லை. மறுநாள் தீர்மானத்தைச் சொல்லப் போனபோது, வாசலில் நின்று என்னைத்தான் பார்த்தாள்.

"நீயா எழுதின? உங்கம்மாளுக்கு அன்னிக்கு எத்தினி ரூவா போட்டாங்க?"

என்னிடம் பதில் இல்லை. அபராதத்தைக் கட்டவில்லை அவள். ரெண்டு வாரத்தில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டி பக்கம் வேலைக்குப் போய்விட்டாள். மன்றத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. தண்டபாணி வீட்டு மௌனம் எங்கள் மன்றத்துக்கு வந்துவிட்டது. அவர் மனைவிக்காக மௌனமாக இருந்தார், நாங்கள் எங்களுக்காக இருந்தோம்.

வாத்தியாரின் சிரிப்பை நான் இத்தனை வருஷம் சுமந்துகொண்டு, கடைசியில் அதை எங்கள் தெருப் பெண்ணின் தலையில் இறக்கிவைத்தேன் என்பது எனக்குப் புரிய ரொம்ப நாளானது. இதை அவளிடம் நேரில் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இன்றைக்கு விடியற்காலை எங்கள் பக்கத்து ரோடுகளில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்களில் நிறையப் பேர் நம் பெண்கள். ஒருத்தி கல்யாணமே வேண்டாம் என்பாள், ஒருத்தி ரெண்டாவது கட்டுவாள், ஒருத்தி சாதி மாறிக் கட்டுவாள், ஒருத்தி யாரையும் கட்டாமல் ஒருவனோடு இருப்பாள். ஒவ்வொருத்திக்கும் ஒரு வழி. இதைப் பொறுத்துக்கொள்ளும் பெருந்தன்மை நமக்கு வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெருந்தன்மை மேலே இருப்பவன் கீழே இருப்பவளுக்குத் தருவது. அது தண்டபாணியின் சரக்கு. நம்மிடம் இருந்தது வேறு: கத்துவது, கேட்பது, தீர்ப்பது, பிறகு கஞ்சி ஊற்றுவது. வாய் திறந்த சகிப்பு. அதில் பெண்ணும் கத்தலாம். மாரியம்மாவுக்கு மறுக்கப்பட்டது அந்த வாய்தான். நாங்கள் கதவைச் சாத்தி எடுத்துக்கொண்டதும் அதைத்தான். மானம், மரியாதை என்று நாம் மேலே ஏறும்போது, இறங்கிப்போனவர்கள் விட்ட விதவைக் கோலத்தை எடுத்து உடுத்திக்கொள்ளக் கூடாது.

என் அம்மா கடைசியாக வந்தது ஒரு ஐப்பசி மாசம். ஆயா அப்போது இல்லை. திட்ட ஆள் இல்லாமல் தெருமுனையில் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் எதிர்த் திண்ணையிலிருந்து பெரிம்மா ஆரம்பித்தது: "வந்துட்டியாடி, எங்க போன இத்தினி நாளா?" அம்மா முகம் தெளிந்தது. திருப்பிக் கத்திக்கொண்டே வீட்டுக்குள் வந்தாள். நான் கஞ்சி ஊற்றினேன்.